மின்சாரம் நிறுத்திய பெட்டியின் முனகல்

அவைக்குத் தலைமை தாங்கி, அலைக்கும் அஞ்சாமல் நம்மை நடத்தும் ஊர்த்தலைவர் தமிழ்வாணன் அவர்களே! படகில் ஆபத்தென்றால் கரையில் சைரன் ஊதும் புதிய அபாயப் பெட்டியை ஆக்கித் தந்த அருமை மகள் அர்ச்சனா அவர்களே! ஏரியையே வயலாக்கி வாழும் பசியாவரத்துப் பெரியோர்களே! ஏரிச் சேற்றில் கையால் இறால் தடவித் தடவிப் பிடித்தே இல்லம் காத்த தாய்மார்களே! பூவரசனின் பணிவான வணக்கம்!

மைக் கிடைத்தால் இவன் விடமாட்டான் என்கிறீர்கள். யார் அங்கே சிரிப்பது? சிரியுங்கள்! மேடை ஏறினால் எனக்கு ஐந்நூறு செவி. இறங்கினால் "சாப்பிட்டாயா" என்று கேட்க ஒரு வாய் இல்லை. என் லட்சுமி போனபின் என் வீட்டில் பேசுவது ரேடியோ மட்டும்தான்.

சின்னதம்பி அண்ணன் மறைந்த நாள் நினைவிருக்கிறதா? இழவு விழுந்தால் எவரும் தண்ணீரில் இருக்கக்கூடாது என்பது நம் ஊர்க்கட்டு. வீடுவீடாகச் சேதி சொன்னீர்கள். என் வீட்டில் பூட்டு. இவன் முன்னாலேயே இழவு வீட்டுக்குப் போயிருப்பான் என்று நினைத்தீர்கள். எல்லோரும் கரையில், இனி சைரன் எதற்கு என்று பழைய பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தினீர்கள். நானோ முகத்துவாரத்தில், மோட்டார் நின்ற படகில்! கடல் இழுத்தது. கத்தினேன், காற்றுதான் கேட்டது. படகின் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன், அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

இங்கே என்ன நடந்தது?

"இன்னாடா மாரி, சைரன் மொனவுது?" என்றார் முனியம்மா.

"பெட்டி கரண்ட்டை நான்தான புடுங்கனேன், அது எப்படிக்கா கத்தும்? எல்லாம் கரையிலதான் கீறாங்க."

"மொனவுதுன்றேன்! எவனோ அமுக்கறான். போட்டை எடுங்கடா!"

எப்படி முனகியது? அர்ச்சனா சொன்னதைச் சொல்கிறேன். ஆன்டெனா கோபுரத்தில் படகின் சேதி வாங்கும் கருவிக்குத் தனி சோலார். சைரனுக்குத் தனி பேட்டரி. நடுவே சேதியை விடுவதும் தடுப்பதும் பெட்டிக்குள் இருக்கும் சுவிட்ச் சிப். சிப்புக்கு ஊட்டும் மின்னழுத்தத்தைவிடச் சேதியின் மின்னழுத்தம் உயரக்கூடாது. ஊட்டமே பூஜ்யம் என்றால்? என் சின்னச் சேதியும் அதற்கு வெள்ளம்தான்! காவலுக்கு வைத்த டையோடு வழியாகவே உள்ளே ஏறி, சிப்புக்கு அரைவயிறு ஊட்டி, மூடிய கதவைத் திறந்து, சைரனை முனக வைத்தது. சிப் கருகியது. நான் கரை சேர்ந்தேன்.

ஆனால் அது கோளாறு, தோழர்களே! இன்னொரு நாள் அதுவே பொய்யாக ஊதும். சிப் கருகினால் மெய்யான அபயக்குரலையும் விழுங்கும். ஆகவேதான் அர்ச்சனா புதிய சிப் வைத்திருக்கிறார். ஊட்டம் நின்றபின் சேதி எவ்வளவு முட்டினாலும் கதவு திறக்காது, சிப்பும் கருகாது. கைதட்டுங்கள்! தட்டத்தான் வேண்டும்.

தட்டி முடித்தீர்களா? இப்போது கேளுங்கள். நிறுத்திய பெட்டி இனி எவனுக்காகவும் முனகாது. அன்று என்னை ஒரு கோளாறு காப்பாற்றியது; இனி மனிதர்கள் அல்லவா காப்பாற்ற வேண்டும்? சாவு வந்தாலும் திருவிழா வந்தாலும், சுவிட்சில் கைவைக்கும் முன் படகுத்துறைக்கு வாருங்கள். எந்தப் படகு இல்லை என்று பாருங்கள். தேட ஆளில்லாதவனையும் தேடுங்கள். தேடுவீர்களா? உரக்கச் சொல்லுங்கள்!

நாளை விடிந்ததும் முகத்துவாரத்துக்குப் போகிறேன். வீட்டில் சொல்லிக்கொள்ள யாருமில்லை. அதனால் உங்கள் அத்தனை பேரிடமும் சொல்லிக்கொள்கிறேன்: போய் வருகிறேன்! நன்றி, வணக்கம்!