தகரக் கொட்டகையில் பெய்த சித்திரை மழை

அமர்ந்திருக்கும் நாற்காலிக்கே பெருமை தரும் தலைவர் வேதசிரோமணி ஐயா அவர்களே, தாம்பரத்துத் தகைசால் பெரியோர்களே, இரும்புலியூரிலிருந்து இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குழந்தைகளைக் கூட்டிவந்திருக்கும் தாய்மார்களே, மேடைக்கு முன்னால் மண்ணில் புரண்டுகொண்டிருக்கும் இந்த விழாவின் உண்மையான விருந்தினர்களே! இரும்புக்கடை மாணிக்கவேலின் வணக்கம்.

படித்தவர் பேசும் மேடையில் தகரம் விற்பவனுக்கு என்ன வேலை? இந்தப் பாலர் பள்ளியின் கூரை என் கடைத் தகரம். இனாமாகவா என்று அங்கே ஒருவர் கேட்கிறார். இல்லை ஐயா. மேடையில் பொய் சொல்லலாம். வாங்கியவர் முன்வரிசையில் இருக்கும்போது சொல்ல முடியாது.

சென்ற சித்திரையில் இந்தப் பள்ளி மூடப்பட இருந்தது. யூனிஸ் டீச்சர் செய்த குற்றம் என்ன? மழையைப் பாடமாக வைக்காமல் விளையாட்டாக வைத்தார். ஈரத் துணியை வெயிலில் விரித்து, தண்ணீர் எங்கே போனது என்று தேடி ஓடவிட்டார். கொதிக்கும் ஆவியில் தட்டைப் பிடித்து, துளி விழுந்தால் கைதட்டச் சொன்னார். ரயில்வே நண்பர் சம்பந்தம் கொதித்தார். மகள் செல்லம்மா அ, ஆ எழுதாமல் வீடெல்லாம் மேகமாகத் திரிகிறாளாம். பிள்ளைகளை நிறுத்திவிடலாம் என்று பெற்றோரைக் கூட்டினார். பிள்ளைகள் நின்றால் பள்ளி ஏது? டீச்சர் ஏது?

இந்தத் தகரக் கொட்டகையிலேயே, அனல் காற்றுக்குக் கதவைச் சாத்திவிட்டுக் காரசாரமாகப் பேசினோம். டீச்சர் மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சம்மதமானால் கை தூக்குங்கள் என்றார் சம்பந்தம். கைகள் எழத் தொடங்கின. அப்போது... சொட்டு. சொட்டு. சடசட. சடசடசட. சோவென்று ஒரே இரைச்சல்!

"மய வந்துகினு கீது, வூட்டு மேல வடாம் கீதுடி காந்தா" என்று எழுந்தார் முத்தாலம்மாள். அவ்வளவுதான். தூக்கிய கைகள் புடவையைச் செருகின. வற்றலுக்கு ஒருவர், வரட்டிக்கு ஒருவர், மிளகாய்க்கு ஒருவர் ஓட்டம். சம்பந்தம் குடையை விரித்துக்கொண்டே படி தாண்டினார். நான் மட்டும் என்ன? கடை வாசலில் சிமெண்டு மூட்டை; நானும்தான் ஓடினேன்.

வெளியே? வெயில். வெறும் வெயில். வெள்ளை வெயில்.

அடுத்த அறையில் கவிழ்த்த எண்ணெய் டின்களின் மேல் நம் பிள்ளைகள் மழை பெய்துகொண்டிருந்தார்கள்! ஒரு விரலால் தூறல், இரு கையால் அடைமழை. செல்லம்மா சன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"மேகமே இல்லையேப்பா. நீ மேல பார்க்கலையா?"

விரித்த குடைக்குள் நின்ற சம்பந்தம் அண்ணாந்து பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், குடையே குலுங்கியது. அதை மடக்கி டீச்சர் கையில் கொடுத்தார். "அடுத்த விளையாட்டுக்கு வெச்சுக்குங்க டீச்சர்" என்றார்.

அன்பர்களே, ஓசை கேட்டதும் ஓடுவது அறிவா? நின்று நிமிர்ந்து பார்ப்பது அறிவா? அ, ஆ நாளை வரும். அண்ணாந்து பார்க்கும் ஆசை இன்று போனால் நாளை வருமா?

டீச்சருக்குப் பொன்னாடை போர்த்தச் சொன்னார்கள். நான் மழை போர்த்தப் போகிறேன். எல்லோரும் ஒரு விரலால் உள்ளங்கையில் தட்டுங்கள். தலைவர் ஐயா, நீங்களும்தான். இப்போது இரண்டு விரல். இப்போது கை முழுதும். ஆகா, பெய்கிறதே, பெய்கிறதே!

முத்தாலம்மா அக்கா, உட்காருங்கள், வடாம் நனையாது. நனைந்தது என் நெஞ்சம்தான். நன்றி கூறி, நிற்காத இந்த மழையிலேயே இறங்கிப் போகிறேன். வணக்கம்.