காளைக்கு வைத்த கரண்டு

ஜப்பான்காரன் காலம். காஜா பெராங் கடைத்தெருவில் அரிசிக்கு வரிசையில் நின்றிருந்தோம். எனக்கு முன்னால் நின்ற மாட்டுவண்டிக்காரர், பக்கத்தில் நின்ற கடைக்கார பாயிடம் சொன்னார்:

“நேத்து என் காளைக்குக் கரண்டு வச்சாங்க, பாய்.”

“யா அல்லா! எதுக்கு?”

“மரத்துப்போன காலுக்கு வைத்தியமாம். முதல்ல நெஞ்சு தாங்குதான்னு பார்த்தாரு ஜப்பான் மாட்டு டாக்டர். தாங்கலைன்னா சிப்பாய்ங்களுக்குக் கறி.”

“அப்புறம்?”

“கரண்டு பட்டதும் முன்னங்கால மடக்கி, தலையத் தரையில வச்சிருச்சு.”

“செத்துருச்சா?”

“அட, இல்ல பாய்! கும்பிடுதுன்னு நெனச்சு டாக்டரும் பதிலுக்குக் குனிஞ்சாரு. இது எழுந்து புல்லு மேயப் போயிருச்சு.”

அப்போது ஒரு சிப்பாய் வந்தான். ஜப்பான் சிப்பாயைக் கண்டு குனியாவிட்டால் அறை விழும்; வரிசை முழுவதும் இடுப்பு வளையக் குனிந்தோம். பாயின் முதுகு சிரிப்பில் குலுங்கியது. சிப்பாய் விறைப்பாகக் கடந்து போனான்.

குனிந்தவாறே பாய் கிசுகிசுத்தார்:

“நமக்கு ஒருத்தனும் பதிலுக்குக் குனியலியே. நாமளும் கரண்டு வச்சுக்குவோமா?”