மாடியைக் காலி செய்யாத சங்கத் தலைவர்

30-4-1959 வியாழக்கிழமை மாலை 6 மணிக்கு, திருச்சி பாலக்கரையில், சப்-இன்ஸ்பெக்டர் முன்னிலையில் பதிவு செய்யப்பட்ட வாக்குமூலம்.

என் பெயர் காஜா மைதீன் ராவுத்தர். வயது 54. தகப்பனார் பெயர் முகமது கனி. பாலக்கரையில் சொந்த வீட்டில் குடியிருந்து, கீழ்த்தளத்தில் சாக்கு, கயிறு வியாபாரம் செய்து வருகிறேன்.

என் வீட்டு மாடியை ஐந்து வருட ஒப்பந்தத்தில் நூலாய்வுச் சங்கத்துக்கு விட்டிருந்தேன். ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. சங்கத்தார் ஸ்ரீரங்கத்தில் வேறு இடம் பிடித்துவிட்டார்கள். நாளை ஜும்மாவுக்குப் பிறகு என் மகள் ஹாஜிராவுக்கு நிக்காஹ். வையம்பட்டியிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டாரைத் தங்கவைக்க அந்த மாடியைத் தவிர எனக்கு வேறு இடம் கிடையாது.

இன்று காலை ஒன்பது மணிக்குச் சங்கக் காரியதரிசி சேஷு அவர்கள் மூன்று வண்டிகளில் புத்தகங்களையும் பீரோக்களையும் ஏற்றிக்கொண்டு போனார். உறுப்பினர்களும் கூடவே போனார்கள். அதன் பிறகு நான் மாடிக்குப் போனபோது தலைவர் சடகோபன் அவர்கள் மட்டும் நாற்காலியில் இருந்தார். திருச்சிராப்பள்ளி என்னும் பெயருக்குச் சொல்லப்படும் இருபத்தேழு விளக்கங்களைப் பற்றி இன்று அவர் பேசுவதாக நோட்டீஸ் போட்டிருப்பதாகவும், நோட்டீஸ் போட்ட கூட்டத்தை நிறுத்தச் சங்க விதியில் இடமில்லை என்றும் சொன்னார். "ஒருத்தராவது இருந்தாத்தான் கூட்டம்னு பேர். உக்காருங்கோ" என்றார். உட்கார்ந்தேன். கீழே சமையல்காரர்கள் தேக்சா பாத்திரங்களை உருட்டும் சத்தம் இடைஞ்சலாக இருப்பதாக அவர் சொன்னதன் பேரில் கதவை உள்தாழ் போட்டது நான்தான். அதை மறுக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு எட்டு விளக்கங்கள் முடிந்தன. அதன் பிறகு வராந்தா ஜன்னல் வழியாகச் சொல்லி டம்ளரில் இளநீர் வரவழைத்து, கம்பிக்கிடையில் வாங்கி, அவருக்குக் கொடுத்தேன். "சாமி, உங்க வீட்டுப் பக்கத்துலேயே இடம் கிடைச்சிருக்கு. சந்தோஷமாப் போகலாமேங்க" என்று கேட்டேன். அவர் இளநீரை உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்து முடித்து, "அங்கே எல்லாரும் பேசறவா, ராவுத்தரே. கேக்கறதுக்கு ஆள் கிடையாது" என்றார். அதற்குப் பிறகு அவரை எழுந்திருக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு மணிக்குச் சேஷு அவர்கள் திரும்பி வந்து கதவைத் தட்டினார். தலைவர் ஒன்பதாவதை ஆரம்பிக்க இருந்தபடியால், அவரைப் பொறுக்கச் சொல்லும்படி எனக்குக் கை காட்டினார். நான் உள்ளே இருந்தபடி, "செத்த பொறுங்க, இன்னும் பத்தொம்பது இருக்கு" என்றேன். அதைக் கேட்டுச் சேஷு அவர்கள் கொடுத்த புகாரில் கண்டபடி உள்ளே பத்தொன்பது பேர் கூடித் தலைவரை மிரட்டவில்லை. பத்தொன்பதும் விளக்கங்கள்தாம். நான் அவரை அடைத்து வைக்கவில்லை. யாராவது அடைபட்டிருந்தால் அது நான்தான்.

நான்கு மணிக்கு வையம்பட்டி பஸ்ஸில் மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேர் வந்துவிட்டார்கள் என்று கீழிருந்து சொன்னார்கள். அதன் பிறகு கதவைத் திறந்தேன். அவர்கள் மேலே வந்து, பயணக் களைப்பில் வரிசையாக உட்கார்ந்தார்கள். இருபத்தோராவது விளக்கத்தில் இருந்த தலைவர் அவர்களைப் பார்த்ததும் மறுபடி முதல் விளக்கத்திலிருந்து ஆரம்பித்தார். சம்பந்தி அப்துல் மாலிக் என் காதில், "இவருதான் நிக்காஹ் நடத்திவைக்கிற காஜியாருங்களா? நல்லா விளக்கமாச் சொல்றாரு" என்றார். அந்தச் சமயத்தில்தான் போலீசாரும் சேஷு அவர்களும் வந்தார்கள்.

தலைவரை உடனே ஒப்படைக்கும்படி சேஷு அவர்கள் கேட்டார். எனக்கு ஆட்சேபணை இல்லை என்றேன். தலைவருக்குத்தான் இருந்தது. அதன் பிறகு நான் அவர் பக்கத்தில் போய், "சாமி, கல்யாணம் முடியட்டும். மாசத்துல முதல் வியாழக்கிழமை இந்த மாடி உங்களுக்குத்தான். கேக்க நான் இருக்கேன்" என்றேன். அவர் தாமாகவே எழுந்து, மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "மீதி அடுத்த வியாழக்கிழமை" என்று சபைக்குச் சொல்லிவிட்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்குப் போனார். வையம்பட்டிக்காரர்கள் எழுந்து நின்று வழிவிட்டார்கள்.

மேற்படி வியாழக்கிழமை ஏற்பாட்டுக்கு ஒப்பந்தப் பத்திரம் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதை வாசிக்கக் கேட்டேன். கூட்டியோ குறைத்தோ சொன்னது எதுவுமில்லை.

(ஒப்பம்) மு. காஜா மைதீன்