வாசற்படிச் சத்தியம்

இத்தோ: அந்தத் தேநீர்க் கெண்டிய எடுத்து வெளிய வை. மூட்டைய நீ தூக்கப்போறியா, கழுதை தூக்கப்போகுதா?

பாஸ்ஸு: கெண்டி இல்லாம எப்படிடி மலை ஏறுறது?

இத்தோ: அத்தனை பேர் நடக்க வர்றாங்க. ஒருத்தர்கிட்டயுமா கெண்டி இருக்காது?

பாஸ்ஸு: இருக்கும். அதுல நேத்து என்னத்தப் போட்டுக் கொதிக்க வெச்சானோ... அடுத்தவன் கெண்டிய நான் நம்புறதில்ல.

இத்தோ: சரி, இந்தப் பூட்டு எதுக்கு?

பாஸ்ஸு: மூட்டைக்கு.

இத்தோ: உள்ள இருக்கறது வறுத்த பார்லி மாவு, காஞ்ச அத்திப்பழம், ஒரு கிழிஞ்ச காலுறை. இதத் திருட எவன்யா வருவான்?

பாஸ்ஸு: தர்மத்துக்கு நடக்கறவனுங்கதான் வருவானுங்க. புண்ணியம்தான் சேந்துடுச்சேங்கற தைரியத்துல எதையும் எடுப்பானுங்க.

இத்தோ: நீயும் தர்மத்துக்குத்தானே நடக்கப்போற?

பாஸ்ஸு: நான் வேற.

இத்தோ: வேறதான். பள்ளிவாசல் கூரைக்கு மரம் கேட்டு வந்தவங்க மேல நாய அவுத்து விட்ட ஆளு. இப்ப பிரசவ வீடு கட்டணும்னு சொன்னதும், கணவாய் கணவாயா நடந்து ஊர் ஊரா உதவி கேக்கறேன்னு தானாப் போய்ப் பேர் குடுத்திருக்க. வாய்க்காலுக்குத் தண்ணி எடுக்கப் போனா பொம்பளைங்க என்னப் பாத்துச் சிரிக்கறாளுங்க.

பாஸ்ஸு: சிரிக்கட்டும். பனி விழுந்து வழி மூடுனப்புறம் வலி எடுத்தா, கோவேறு கழுதை மேல உக்கார வெச்சுக் கொண்டு போறோம். போற வழியில என்னென்ன ஆகுதுன்னு உனக்கே தெரியும். மலைக்குக் கீழ ஒரு வீடு இருந்தா, மாசம் நெருங்கறப்பவே போய்த் தங்கிக்கலாம்ல?

இத்தோ: அட! மருத்துவச்சி ரகியா இதையே தொண்டை கிழியச் சொன்னப்ப, "வெளியூர்க்காரி, எதையோ விக்க வந்திருக்கா"ன்னு கதவச் சாத்துனது யாரு?

பாஸ்ஸு: பேசாம கால நீட்டறேன், மருதாணியப் பூசு.

இத்தோ: உள்ளங்காலுக்கா?

பாஸ்ஸு: தோல் கெட்டிப்படும். கல்லுல நடக்கணும்ல. குதிகால்ல நல்லா அப்பு, வெடிப்புக்குள்ள போகட்டும்.

இத்தோ: குதிகாலா இது? ஓடை வத்துனாப்ல இருக்கு... ஆட்டாத. கூசுதா?

பாஸ்ஸு: கூசல.

இத்தோ: புது மாப்பிள்ளை மாதிரி நெளியற.

பாஸ்ஸு: வாய மூடிட்டுப் பூசு.

இத்தோ: மொத ராத்திரி எங்க தங்கல்?

பாஸ்ஸு: மேய்ச்சக்காரங்க கூடாரத்துல.

இத்தோ: அதுக்கடுத்து?

பாஸ்ஸு: ஆத்தோரம்.

இத்தோ: அதுக்கடுத்து?

பாஸ்ஸு: ஏதோ ஒரு ஊரு. பேரு வாயில வரல.

இத்தோ: வாயில வரலயா? பெத்த மகளக் கட்டிக்குடுத்த ஊர்யா அது!

பாஸ்ஸு: அப்படியா... அந்த வழியாவா போறாங்க?

இத்தோ: என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

பாஸ்ஸு: மருதாணி காயட்டும், அசைய முடியாது.

இத்தோ: மூஞ்சியிலயா பூசியிருக்கேன்? பேரன் சுன்னத்து விருந்துல என்ன பண்ணிட்டு வந்த, மறந்துட்டியா?

பாஸ்ஸு: நான் ஒண்ணும் பண்ணல. பண்ணது மருமகன். தாத்தா நான் உக்காந்திருக்கேன். மொத டம்ளர் டீய எடுத்து அந்தப் பள்ளிக்கூட வாத்தியாருக்குக் குடுக்கறான்! மீசை கூட மொளைக்காத பய அந்த வாத்தி.

இத்தோ: வாத்தியார் கதவு பக்கத்துல உக்காந்திருந்தாரு. மாப்பிள்ளை ஸாயித் தட்டோட உள்ள வந்தான், கைக்கு எட்டுனவருக்குக் குடுத்தான். அவ்வளவுதான்.

பாஸ்ஸு: எட்டாத எடத்துல நான் ஏன் உக்காந்திருந்தேன்? பெரிய மனுஷன் எடம் அது!

இத்தோ: அதுக்கு எந்திரிச்சு நின்னு, ஊர் முன்னாடி என்ன சொன்ன?

பாஸ்ஸு: "இனி இந்த வீட்டு வாசப்படிய மிதிச்சா, என் பொண்டாட்டி எனக்கு ஹராம்."

இத்தோ: ஹராமாம், ஆகாதவளாம்! டீ குடுக்காதது அவன். கோவப்பட்டது நீ. பந்தயத்துல கட்டுனது என்னைய. சந்தையில ஆட்டுக்கடாவக் கட்டற மாதிரி! நான் அடுப்படியில சோளரவையக் கிண்டிக்கிட்டு இருக்கேன். எவளோ ஓடி வந்து சொல்றா, "அக்கா, உன்ன வெச்சு சத்தியம் பண்ணிட்டாரு"ன்னு.

பாஸ்ஸு: வாயில அதான் வந்துச்சு. எல்லா ஆம்பளையும் அப்படித்தான் சொல்றான்.

இத்தோ: எல்லா ஆம்பளையும் சொல்லிட்டு, மறுநாள் பரிகாரம் கேட்டுப் பள்ளிவாசல் அசரத்துகிட்ட ஓடறான். நீ ஓடுனியா? அன்னிக்குத் தோள்ல கெடந்த பேரன், இப்ப ஆட்டுக்குட்டி பின்னாடி ஓடறானாம். உனக்குத் தெரியுமா அவன் எப்படி இருப்பான்னு?

பாஸ்ஸு: என் மூக்கு இருக்காம். கழுதைக்காரன் சொன்னான்.

இத்தோ: விசாரிச்சிருக்க!

பாஸ்ஸு: அவனாச் சொன்னான்... யாரு வாசல்ல? நாய் கொலைக்குது.

ரகியா: நான்தான் சாச்சி, ரகியா. நாயப் புடிங்க. சாச்சா, மறுபடி அத அவுத்து விட்டுடாதீங்க.

பாஸ்ஸு: வா. எதையாவது விக்க வந்தியா?

ரகியா: தங்கல் விவரம் சொல்ல வந்தேன். உங்க மக தூதா ஊர்ல விருந்தாளிங்கள வீடு வீடாப் பிரிச்சுட்டாங்க. வழக்கம் போல, அங்கிக் குல்லாவுக்குள்ள குச்சியப் போட்டுக் குலுக்கி எடுத்தாங்க. நடக்கற ஆளுக்கு ஒரு அடையாளக் குச்சி. உங்க குச்சி ஸாயித் வீட்டுக்கு விழுந்திருக்கு.

பாஸ்ஸு: என்னது?

இத்தோ: சரியாத்தான் விழுந்திருக்கு.

பாஸ்ஸு: குச்சிய எடுத்தது எவன்?

ரகியா: அந்தந்த வீட்டுக்காரர்தான் எடுக்கணும். ஸாயித்தே எடுத்தாரு.

பாஸ்ஸு: கண்ண மூடிக்கிட்டா?

ரகியா: மூடிக்கிட்டுத்தான்... ஒரு கண்ண.

பாஸ்ஸு: பாத்தியாடி! இந்தப் பயல நான் என்னிக்காவது நம்புனேனா?

இத்தோ: மாமனார் வேணும்னு ஒரு மாப்பிள்ளை திருட்டுத்தனம் பண்றான். அதுக்கும் திட்டு.

பாஸ்ஸு: வேற வீட்டுக்கு மாத்து.

ரகியா: விழுந்த குச்சிய மாத்துனா அந்த வீட்டுக்கு அசிங்கம் சாச்சா. அப்புறம் அவங்க ஊரே பிரசவ வீட்டுக்குக் கைகொடுக்க மாட்டேன்னுடும். மரம் வெட்டித் தர்றது அந்த ஊர்தான்.

பாஸ்ஸு: சரி, மாட்டோட படுத்துக்கறேன். கொட்டகையில.

ரகியா: கொட்டகை வீட்டுக்குக் கீழ்த்தளத்துல இருக்கு. மாடும் அதே வாசப்படிய மிதிச்சுத்தான் உள்ள போகுது.

பாஸ்ஸு: அப்ப வெளிய களத்துல படுக்கறேன். பையனத் தூக்கிட்டு வந்து ஒரு தடவ காட்டச் சொல்லு. போதும்.

ரகியா: அதுவும் கேட்டேன். தூதா சொல்லிவிட்டதச் சொல்லட்டுமா? கோவப்படக் கூடாது.

பாஸ்ஸு: சொல்லு.

ரகியா: "அப்பா உள்ள வந்து, பெரிய எடத்துல உக்காந்து, என் கையால மொத டம்ளர் குடிக்கணும். இல்லன்னா பையன வாசலுக்குக் கொண்டு வரமாட்டேன், ஜன்னல்ல கூடக் காட்டமாட்டேன்."

இத்தோ: என் மகளா இவ? அச்சு அசல் உன் மகதான்!

ரகியா: அவளுக்கும் மாசம் நெருங்குது. இந்தத் தடவ குழந்தை கொஞ்சம் குறுக்க இருக்கு. திருப்பிப் பாத்திருக்கேன், சரியாயிடும்னுதான் நெனைக்கிறேன். ஆனா அவ மனசுல ஒரு பயம். "அப்பா மொகத்தப் பாக்காமப் போயிட்டா"ன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா. சொல்ல வேணாம்னும் சொன்னா. நான் வர்றேன் சாச்சா. வெளிச்சம் வந்ததும் ஊத்துகிட்ட வந்துடுங்க. டயர் செருப்பு வேணாம், நல்ல செருப்பாப் போட்டுக்கங்க.

பாஸ்ஸு: என் செருப்பப் பத்தி நீ பேசாத.

இத்தோ: போயிட்டு வாம்மா... போயிட்டா.

பாஸ்ஸு: குறுக்க இருக்குன்னாளே. நெசமாவா?

இத்தோ: திருப்பிட்டேன்னாளே. நீ பொறக்கறப்பவும் குறுக்கதான் இருந்தியாம். இன்னும் அப்படித்தான் இருக்க.

பாஸ்ஸு: வெளையாடாத.

இத்தோ: வெளையாடலன்னா அழணும். எது வேணும்?

பாஸ்ஸு: உள்ள போனா... உன் கதி?

இத்தோ: அசரத்துகிட்ட நான் கேட்டுட்டேன். அன்னிக்கே கேட்டேன். நீ படிய மிதிச்ச அந்த நிமிஷமே நான் உனக்கு அந்நியப் பொம்பள. அதுக்கப்புறம் நான் வேணும்னா, புதுசா நிக்காஹ். என் சம்மதம் வேணும், மஹர் வேணும், ரெண்டு சாட்சி வேணும்.

பாஸ்ஸு: அந்நியப் பொம்பளயா... அப்ப இந்த மருதாணிக் கால யாரு கழுவி விடறது?

இத்தோ: அதான் உன் கவலை. நான் புதுசா யோசிக்கணும்ல. மொதத் தடவ பதினாறு வயசு, விவரம் தெரியல. மஹருன்னு ஒரு நொண்டிக் கோவேறு கழுதையக் குடுத்த.

பாஸ்ஸு: அது நொண்டல. நடை அப்படி.

இத்தோ: வாங்கி வந்த மறுநாளே படுத்துடுச்சு. இந்தத் தடவ நான் சொல்றதுதான். பனிக்காலத்துல விடிகாலை நீதான் எந்திரிச்சு அடுப்பு மூட்டணும்.

பாஸ்ஸு: சரி.

இத்தோ: எவன் எந்த டம்ளர் மொதல்ல நீட்டுனாலும் வாங்கிக் குடிக்கணும்.

பாஸ்ஸு: ...சரி.

இத்தோ: இனி சத்தியம் பண்ணணும்னா உன் மீசைய வெச்சுப் பண்ணு. தோத்தா செரைச்சுக்க. என்னத் தொடாத.

பாஸ்ஸு: சரிடி.

இத்தோ: இவ்வளவு சீக்கிரம் சரின்னு நீ எதுக்கும் சொன்னதில்லயே. காய்ச்சலா? நெத்தியக் காட்டு.

பாஸ்ஸு: கைய எடு. மருதாணியத் தேய்க்காத.

இத்தோ: ஆனா ஒண்ணு. என்னக் கேட்டா மட்டும் ஆகாது. அப்பா இல்ல, அதனால எனக்குப் பொறுப்பு அண்ணன் ஹத்து. மொறைப்படி அவன்கிட்டதான் பொண்ணு கேக்கணும்.

பாஸ்ஸு: தெரியும்.

இத்தோ: அவனோட வாய்க்கால் தண்ணிக்குச் சண்ட போட்டு, பெருநாளைக்குக் கூட மூஞ்சி குடுக்கறதில்ல. அவன் வீட்டு வாசலுக்கு நீயாவது போறதாவது! அதனால தூதா வீட்டுக் களத்துலயே படு. பனி கொட்டும், போத்திக்க. நான் என்னத்தப் பேசி என்ன...

பாஸ்ஸு: போனேன்.

இத்தோ: எங்க?

பாஸ்ஸு: உன் அண்ணன் வீட்டுக்கு. போன சந்தை நாளு. சீர் கொண்டு போற கூம்புச் சக்கரைக்கட்டி வாங்கி, புதுத் துணியில சுத்தி, வெள்ளை அங்கி போட்டுக்கிட்டுப் போனேன். பின்வழியாப் போனேன், எவனும் பாக்கக் கூடாதுன்னு.

இத்தோ: போயி?

பாஸ்ஸு: "உன் தங்கச்சியக் குடு"ன்னு கேட்டேன்.

இத்தோ: யா அல்லாஹ்! இந்தத் தாடியோடயா?

பாஸ்ஸு: சிரிக்காதடி. மொத நாள் உன் அப்பன்கிட்ட கேட்டப்பக் கூட இப்படிப் பயப்படல. அதுக்கப்புறந்தான் ரகியாகிட்ட போய் நடக்க வர்றேன்னு பேர் குடுத்தேன். தர்மமாவது மண்ணாவது. புள்ளைங்களப் பாக்கணும், உன்னையும் விட முடியாது. வேற வழி எனக்குத் தோணல.

இத்தோ: அண்ணன் என்ன சொன்னான்?

பாஸ்ஸு: அத ஏன் கேக்கற. சக்கரைய வாங்கி உள்ள வெச்சான். தாடியத் தடவுனான். என்னைய மேலயும் கீழயும் பாத்தான். "மாப்பிள்ளை எப்படின்னு நாலு பேர்கிட்ட விசாரிச்சுச் சொல்றேன்"னான்! என்னப் பத்தி! அவன் மடியில தூக்கி வளத்த புள்ளைங்களுக்கு அப்பன் நான்! இன்னி வரைக்கும் பதில் இல்ல. நாளைக்கு நடை, அந்தக் கெழவன் இன்னும் விசாரிக்கறான்!

இத்தோ: நீ எப்படியும் அவன்கிட்ட வருவன்னு தெரிஞ்சு, "ஒடனே தலையாட்டாதண்ணா, நல்லா விசாரிக்கறேன்னு சொல்லிக் கொஞ்சம் வேக வை"ன்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்யா, நம்மகூட நடக்க அவனும் ஊத்துகிட்ட நிப்பான், அசரத்தும் நிப்பாரு, நீ படிய மிதிச்சதும் அங்கயே நிக்காஹ், சாட்சிக்கு நடக்கறவங்க அத்தன பேரும் இருக்காங்க, ரகியாகிட்ட உனக்கு முன்னாடியே பேர் குடுத்தவ நான்... இப்ப கொஞ்சம் தள்ளி உக்காரு, எனக்கும் மூட்டை கட்டணும்.