ஓடுபாதையில் காய்ந்த நெல்

எனது பெயர் ஆதம்லெப்பை மர்சூக். வயது நாற்பத்து மூன்று. சாய்ந்தமருது கடற்கரை வீதியில் வசிக்கிறேன். தனியார் நிறுவனமொன்றின் சிறிய வாடகை விமானத்தை ஓட்டும் விமானியாகத் தொழில் செய்கிறேன். றிம்சான் என்பவர் எனக்கெதிராகச் செய்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அவருடைய மூத்த சகோதரர் காலிதீன், தகப்பனாரின் ஜனாஸா நல்லடக்கத்துக்கு வந்துசேர முடியாமற்போனதற்கு நானே காரணம் என்றும், ஓடுபாதையில் காய்ந்தது எனது மச்சானின் நெல் என்பதால் நான் விமானத்தை இறக்கவில்லை என்றும் அதில் உள்ளது. நெல் எனது மச்சான் இன்பாஸுடையது என்பது உண்மை. மற்றது உண்மையல்ல.

சிறிய விமானம் என்றால் பணக்காரரின் பவுசு என்று ஊரில் நினைக்கிறார்கள். நான் நோயாளரையும் ஏற்றியிருக்கிறேன். ஆனால் பறப்பதில் முதலாளிமாருக்கு உள்ள அக்கறை இறங்கும் இடத்தில் இல்லை. வயல்களுக்கு நடுவே உள்ள எங்கள் ஓடுபாதைக்கு வேலியும் இல்லை, காவலாளியும் இல்லை. இதை நிறுவனத்திடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அறுவடைக் காலத்தில் அந்த ஓடுபாதையில் படங்கு விரித்து நெல் காயப்போடுவார்கள். விமானம் தாழப் பறந்து ஒரு சுற்றுச் சுற்றினால், நெல்லுக்குக் காவலிருப்பவர்கள் படங்குகளை ஓரத்துக்கு இழுத்துவிடுவார்கள். அதன் பின்னர் நாங்கள் இறங்குவோம். இப்படியே பழகிவிட்டோம்.

சம்பவ தினம் கொழும்புப் பக்கம் இரத்மலானை விமான நிலையத்தில் மழை முகிலால் புறப்படத் தாமதமானது. பயணி காலிதீன் மட்டுமே. நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பின்னர் நல்லடக்கம் என்று ஏறும்போது சொன்னார். அதன் பின்னர் கையிலிருந்த தொப்பியை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். ஓடுபாதைக்கு மேல் வந்ததும் வழமைபோல் ஒரு சுற்றுச் சுற்றினேன். ஒருவரும் படங்கை இழுக்கவில்லை. அதன் பின்னர் இன்னும் தாழ இறங்கி இரண்டாம் முறை சுற்றியபோது, பாதை முழுவதும் நெல் கிடப்பதையும் ஆள் எவரும் இல்லாததையும் கண்டேன். நெல்லின்மேல் சக்கரம் ஏறினால் பிரேக் பிடிக்காது. படங்கு சுற்றிக்கொண்டால் விமானம் குப்புற விழும். அது யாருடைய நெல்லானாலும் நான் இறக்கியிருக்க மாட்டேன்.

அந்நேரம் பள்ளிவாசலிலிருந்து அடக்கஸ்தலமான மையவாடிக்குப் போகும் வீதியில் சனக்கூட்டத்தைக் கண்டேன். நெல்லுக்குக் காவலிருந்தவர்கள் எல்லாரும் காலிதீனின் தகப்பனாரை அடக்கப் போயிருந்தார்கள். ஜனாஸாவை வைத்த சந்தூக்கைச் சுமந்தவர்களில் எனது மச்சானும் ஒருவர் என்று பிறகு அறிந்தேன். மௌத்துச் செய்தி கேட்டால் நெல்லை அப்படியே போட்டுவிட்டுப் போகிற ஊர் இது. நானும் இந்த ஊரான்தான், அதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அது எனக்குப் பெரிய கவலை.

காலிதீன் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "தம்பி, அந்தா தூக்கிட்டுப் போறது எங்கட வாப்பாவா?" என்று கேட்டார்.

"ஓம் காக்கா" என்றேன்.

அதன் பின்னர் அவர் இருந்த பக்கத்துச் சிறகைச் சரித்து, மையவாடிக்கு மேலால் மூன்றாம் முறை சுற்றினேன். சந்தூக்கு மையவாடிக்குள் போகும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பின்னர் மட்டக்களப்புக்குத் திருப்பி அங்கே இறக்கினேன். அவர் வாகனத்தில் ஊர்வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மூன்றாம் சுற்றில் நான் வேடிக்கை பார்த்ததாக முறைப்பாட்டில் உள்ளது. றிம்சான் கீழே நின்று கண்டது அவ்வளவுதான், அவரில் எனக்குக் கோபமில்லை. இறங்குவதற்கு அந்தச் சுற்றுத் தேவைப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக எனது அனுமதிப்பத்திரம் பறிபோகலாம் என்பதும் தெரியும். ஏன் சுற்றினேன் என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி காலிதீன்தான். மேலிருந்து கண்டதை அவர் தம்பி றிம்சானிடம்கூட இன்னும் சொல்லவில்லை போலும். அவரை அழைத்து விசாரித்தால் எனக்கு நல்லது. ஆயினும் இப்போதைக்கு அவரை அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மேலே எழுதப்பட்டது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே உள்ளது, கூட்டவோ குறைக்கவோ எதுவுமில்லை.

(ஒப்பம்) ஆ. மர்சூக்