ஒரு சாண் கண்ணாடி

வான் வழுக்குகிறது. 2009 பெப்ரவரி, திங்கட்கிழமை, காலை 7.52. லண்டன், ஹரோ மேட்டின் இறக்கம். ஸ்டியரிங்கைத் திருப்புகிறேன். வான் திரும்பவில்லை. என் இடப்பக்கம் ரவி. மனைவியின் தம்பி. மடியில் கோப்பு. பத்து மணிக்கு அவனுடைய தஞ்ச வழக்கு. போகாவிட்டால் இலங்கைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். வன்னியில் ஷெல் மழையாய்ப் பொழிந்த மாதம் அது.

புறப்பட்டது 7.40. இரவு முழுவதும் பனி. வான் கூரையில் எட்டு அங்குலம். முன்கண்ணாடியில் எனக்கு நேரே ஒரு சாண் அளவு மட்டும் சுரண்டினேன். மனைவி வாசலில் நின்று கத்தினாள்.

"இஞ்சாருங்கோ, முழுக்கத் துடைச்சிட்டுப் போங்கோ! கூரையிலயும் கிடக்கு!"

ரவி சிரித்தான். "அக்கா, அத்தான் இதைவிடச் சின்ன ஓட்டையால பாத்து வான் ஓடினவர். நீ உள்ள போ, விறைக்கப்போறாய்."

உண்மை. வன்னியில் வானுக்குச் சேறு பூசுவோம். கண்ணாடி மினுங்கினால் ஹெலி கண்டுவிடும். சாரதிக்கு ஒரு சாண் இடைவெளி. கூரையில் மறைப்புக்கு இலைக் குழை. நின்றால் சாவு. ஓடினால் உயிர். நான்கு வருடம் அப்படித்தான் ஓடினேன். ரவியையும் ஒருநாள் அப்படித்தான் ஷெல்லுக்குள்ளால் கொண்டுவந்தேன். அவன்மேல் ஒரு கீறல் இல்லை.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். தலைக்கு மேல் 'சர்ர்' என்று ஒரு சத்தம். பிறகு 'தொப்'. கூரைப் பனி அவ்வளவும் முன்கண்ணாடியில். வெள்ளை. வைப்பர் அசையவில்லை.

"அத்தான், பிரேக்கை விடுங்கோ! விடுங்கோ!"

நான் விடவில்லை. இன்னும் இறுக்கினேன். சில்லுகள் சுழலாமல் பூட்டிக்கொண்டன. தெருவோரம் நின்ற லொறியின் பின்தட்டு இடப்பக்கக் கதவைக் கிழித்து உள்ளே வந்தது. பிறகு அமைதி. ஷெல் விழுந்தால் நாய்களாவது குரைக்கும். பனியில் அதுவும் இல்லை.

அம்புலன்ஸ் அந்தப் பனிக்குள்ளால் வந்துசேர முப்பத்தெட்டு நிமிடம். இருபதாவது நிமிடம் வரை ரவி கோப்பைப் பிடித்திருந்தான்.

மத்தியானம் சட்டத்தரணி அழைத்தார். பனியால் அன்றைய வழக்குகள் எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிட்டார்களாம். போயிருக்கவே தேவையில்லை.

இழந்தவற்றை எழுதிவைக்கிறேன். வான். என் இடக்கையில் இரண்டு விரல்கள். மனைவி என்னோடு பேசுவது. ரவி, வயது முப்பத்து நான்கு.

ஆறு நிமிடம். ஒரு வானின் பனி முழுவதையும் வழித்துத் துடைக்க அவ்வளவுதான் ஆகும். அடுத்த குளிர்காலம் அயலவரின் வானை மணிக்கூட்டில் நேரம் பிடித்துத் துடைத்துப் பார்த்தேன்.