கழுவாத மைக்

மத்தியானம் இரண்டே முக்கால் மணி.

ஏன் சிரிக்கிறீர்கள்? பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வர வேண்டும் என்று எழுதியா வைத்திருக்கிறது? மத்தியானம்தான். வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஊருக்கு வெளியே, கிடங்குகளை எல்லாம் தாண்டிப் போகிற ஒரு ரோடு. ஆள் நடமாட்டமே இல்லை. அந்த ரோட்டில் ஒரு பழைய ஸ்கூட்டர்... டர்ர்ர்... டர்ர்ர்... என்று தனியாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஓட்டுகிறவன் என் சிநேகிதனுடைய அத்தான். அவனுடைய சொந்த அக்காவைக் கட்டியவன். மரியாதையாக ‘அவர்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

யார் அங்கே மூலையில் நொறுக்குத்தீனி தின்பது? கீழே வை. வாயில் எதையாவது போட்டுக்கொண்டு கேட்கிற கதை இல்லை இது.

அவனுக்குத் தொழில் பாட்டு ரெக்கார்டிங். வீட்டின் பின்னறையையே ஸ்டுடியோவாக்கி வைத்திருந்தான். சுவரெல்லாம் கம்பளி. ஜன்னலை ஒரு கிழிந்த மெத்தை அடைத்துக்கொண்டிருக்கும். நடுவில் கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் பாடுகிறவர், இந்தப் பக்கம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இவன். கூட்டாளிகள் வைத்த பேர் தகரம். நல்ல மைக் எதுவும் அவனுக்கு ஆகாது. விலை அதிகமான மைக்கில் பாடினால் எல்லாக் குரலும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறதாம். பழைய டேப் ரெக்கார்டரில் பிடுங்கியது, இன்டர்காமில் கழற்றியது, குழந்தைகள் விளையாடுகிற பிளாஸ்டிக் மைக் என்று மட்டமான சாமான்களாகத் தேடித் தேடிச் சேர்ப்பான். அதில் பாடினால் குரல் கரகரவென்று, பக்கத்து வீட்டுப் பழைய ரேடியோவில் வருவது போல வரும். அதில்தான் உயிர் இருக்கிறது என்பான். அது பொய்யும் இல்லை, கேட்டால் நமக்கே என்னவோ செய்யும்.

அக்கா பாடகி. என் சிநேகிதனின் அக்கா எனக்கும் அக்காதான். பதினொரு வருஷமாகக் கோரஸ். நாலு பேரோடு நின்று ‘ஆ...’ சொல்லிவிட்டு வருவார். முதல் தடவையாக முழுப் பாட்டு ஒன்று தனியாகக் கிடைத்திருந்தது. ஆனால் இசையமைப்பாளர் ஒரு நிபந்தனை போட்டார். குரல் எங்கோ பூட்டிய அறைக்குள்ளிருந்து வருவது போல இருக்க வேண்டும். அது வராவிட்டால் வேறொருத்தியைக் கூப்பிடுவாராம். தகரம் தன்னிடமிருந்த நாற்பது மைக்கையும் போட்டுப் பார்த்துவிட்டான். எதிலும் அமையவில்லை. அதனால்தான் அந்த ஸ்கூட்டர், அந்த வெயில், அந்த ரோடு.

ரோட்டின் கடைசியில் ஒரு பழைய இரும்புக் கடை. கடைக்காரர் சாமான்களைக் கிளறி ஒரு மேஜை மைக்கை எடுத்தார். கையால் எடுக்கவில்லை. பேப்பரைச் சுற்றி எடுத்தார். சாம்பல் நிறப் பிளாஸ்டிக். தலையில் ஒரு ஸ்பாஞ்சு உறை. ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்திருக்கும், இப்போது கறுப்பாகப் பிசுபிசுவென்று இருந்தது. பூட்டிய வீட்டுச் சாமானாம். அந்த வீட்டில் ஒரு ஆள் தனியாக இருந்தாராம். காலையிலிருந்து இருட்டும் வரைக்கும் இதில் பேசிக்கொண்டே இருப்பாராம், யாரோடு என்று யாருக்கும் தெரியாது. கதவை உடைத்து உள்ளே போனபோது, வாயிலிருந்து இதை எடுக்கவே... அத்தோடு கடைக்காரர் நிறுத்திக்கொண்டார். விலையும் சொல்லவில்லை.

“சும்மா எடுத்துட்டுப் போங்க. ஆனா அந்த ஸ்பாஞ்சைக் கழட்டி எறிஞ்சிடுங்க. இல்லாட்டி நல்லாக் கழுவிட்டாவது வாய்கிட்ட கொண்டு போங்க.”

தகரம் என்ன செய்தான் தெரியுமா? மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தான். ஒரு வாரம் மாற்றாத பூச்சாடித் தண்ணீர் நாற்றம்... அதற்கு அடியில் சொத்தைப் பல் நாற்றம்.

வீட்டுக்கு வந்ததும் உறையைக் கழற்றிவிட்டுச் சோதித்துப் பார்த்தான். வெறும் மைக், சப்பென்று இருந்தது. உறையை மாட்டினான். அடடா... அதேதான். பூட்டிய அறை. அந்த அழுக்குதான் சத்தத்தை அப்படிப் பிழிந்து கொடுக்கிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. கழுவினால் அந்தச் சத்தம் போய்விடும். இந்தத் தொழிலில் பலருக்கும் இந்தப் புத்தி உண்டு. தூசியைத் துடைக்க மாட்டார்கள், துருவைத் தேய்க்க மாட்டார்கள், சத்தம் மாறிவிடும் என்று பயம். ஆனால் அடுத்தவன் எச்சிலையுமா?

அக்கா மறுநாள் பாட நின்றார். மைக்கில் உதடு ஒட்டிப் பாடினால்தான் அந்தக் கனம் வரும் என்றான். ஒட்டினார். முதல் வரி முடிந்ததும் முகத்தைச் சுளித்தார்.

“ஏங்க, இது ஈரமா இருக்கு.”

காலையில் தரை துடைத்த ஈரக்காற்று என்று என்னவோ சொல்லிச் சமாளித்தான். குரல் அவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தது. அவனுக்கு மயிர்க்கூச்செறிந்ததாம், சந்தோஷத்தில்.

பாடி முடித்த பிறகு மூச்சு வெட்டுகிற வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பாடகர் இழுக்கிற மூச்சு பதிவாகியிருக்கும். கம்ப்யூட்டர் திரையில் சின்னப் புடைப்பாகத் தெரியும், அதை ஒவ்வொன்றாக வெட்டி எறிவார்கள். அதுவரை பாடியது இருபத்திரண்டு வரி. தகரம் வெட்டப் போய் எண்ணினால் நாற்பத்துநான்கு மூச்சு. அக்காவின் மூச்சுக்குக் கொஞ்சம் முன்னால் இன்னொன்று. அவருடையது சன்னமாக, ஸ்ஸ்... என்று இருந்தது. மற்றது கனமாக, சளியைத் தாண்டி வருவது போல... க்ர்ர்ஹ்... அதன் முடிவில் நாக்கு அண்ணத்தை விட்டுப் பிரிகிற சத்தம். ச்ளக்.

பயந்தானா? மட்டமான மைக்கில் இதெல்லாம் சகஜம் என்று அத்தனையையும் வெட்டிப் போட்டுவிட்டுத் தூங்கப் போனான்.

நாள் ஆக ஆக அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆறு தடவை பல் தேய்த்தார். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார். கீழ் உதட்டில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள் வந்தன. ஸ்பாஞ்சுக்கு அடியில் இருக்கிற கம்பி வலை குத்தியிருக்கும் என்றான் இவன். தட்டை எடுத்து வைத்தால் ஒரு வாய் மென்றுவிட்டு அப்படியே துப்பிவிடுவார்.

“யாரோ மென்னு துப்புனதை எடுத்து என் வாயில வச்ச மாதிரி இருக்குங்க. என் நாக்கே எனக்கு அருவருப்பா இருக்கு.”

கட்டிய பெண்டாட்டி இப்படிச் சொல்கிறாள். அப்போதும் அவன் கடைசிச் சரணம் மட்டும் பாக்கி என்றுதான் பேசினான். அதைக் கழுவினால்தான் பாடுவேன் என்று அக்கா ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்.

சரி என்று மைக்கை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனான். கதவைச் சாத்தினான். குழாயைத் திறந்துவிட்டான். வாளியில் தண்ணீர் சளசளவென்று விழுந்தது. இவன் மைக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பேசாமல் நின்றான். சொட்டு படவில்லை. பிறகு சட்டைக்குப் போடுகிற சென்ட்டை ஸ்டாண்டில் இரண்டு தடவை அடித்துவிட்டு வெளியே வந்தான். இதை அவனே என் சிநேகிதனிடம் சொல்லியிருக்கிறான், வெட்கமில்லாமல். சீ.

அக்கா மைக் முன்னால் நின்று, கண்ணாடி வழியாக அவனைப் பார்த்துக் கேட்டார்.

“கழுவிட்டீங்கதானே?”

“ஆமாம்மா. கழுவிட்டேன்.”

நம்பி உதட்டை ஒட்டினார்.

முதல் இரண்டு வரி ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவது வரியில் அக்கா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். அறை மூலையில் குப்பைக்கூடை. அதன் முன்னால் மண்டியிட்டு... ஓங்கரித்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவருடைய முதுகு குலுங்குவது தெரிந்தது.

ஹெட்போனில் பாட்டு நிற்கவில்லை.

அக்காவின் குரல்தான். அதே குரல். நாலு நாளாக இவன் கெஞ்சியும் வராத ஒரு குழைவு இருந்தது, அது அத்தனை அழகாக வந்து விழுந்தது. திரையில் கோடு புடைத்துப் புடைத்து ஓடியது. மைக் முன்னால் யாரும் இல்லை. ஸ்பாஞ்சு மட்டும் மெல்ல உள்ளே போய்... வெளியே வந்து... உள்ளே போய்... வெளியே வந்து...

அவன் விரல் நிறுத்துகிற பொத்தான் மேலேயே இருந்தது. அழுத்தவில்லை. இவ்வளவு நல்ல பதிவு போய்விடுமே என்று நினைத்தானாம். பெண்டாட்டி குடலே வெளியே வருவது போல வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறாள், இவன் சரணம் முடிகிற வரைக்கும் உட்கார்ந்து கேட்டிருக்கிறான். இந்தக் கதையில் எனக்கு எது அதிக அருவருப்பு என்று இன்னும் என்னால் சொல்ல முடியவில்லை.

பாட்டு முடிந்தது. அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து அவனைக் கூப்பிட்டார். உதடு அசைந்தது. வெறும் காற்றுதான் வந்தது.

அன்றோடு சரி. நாலு டாக்டர் பார்த்தார்கள். தொண்டையில் புண் இல்லை, கட்டி இல்லை, எல்லாம் சுத்தமாக இருக்கிறதாம். பாட்டு வெளியாகி எல்லோரும் கொண்டாடினார்கள். யாரும்மா இந்தக் குரல், இத்தனை நாள் எங்கே இருந்தது என்று வீட்டுக்குப் போன் மேல் போன். அக்கா போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் கீழே வைப்பார்.

விஷயம் தெரிந்ததும் என் சிநேகிதன் சுத்தியலோடு போனான். தகரம் அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறான். உடைக்காதே, நானே குழாயடியில் பிடித்துப் பார்த்துவிட்டேன் என்றான். அப்போது ஒயரைக் கழற்றவில்லை, ஹெட்போன் கழுத்தில் கிடந்ததாம். மைக்கில் தண்ணீர் பட்டதும் ஹெட்போனுக்குள்ளிருந்து அக்கா மூச்சுத்திணறி இருமுகிற சத்தம்... புரையேறி, தண்ணீரைக் குடித்து... குழாயை மூடிய பிறகுதான் நின்றதாம்.

சிநேகிதன் நம்பவில்லை. தகரம் மைக்கைச் சொருகி, ஹெட்போனை எடுத்து அவன் காதில் மாட்டினான்.

திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தால், அடுத்த அறையில் அக்கா உட்கார்ந்திருந்தார். வாய் மூடியிருந்தது. தட்டில் சாப்பாடு தொடாமல் இருந்தது.

ஹெட்போனில் முதலில் அந்தக் கனமான மூச்சு. க்ர்ர்ஹ்... பிறகு ரொம்பப் பக்கத்தில், அக்காவின் குரல், தயங்கித் தயங்கி.

“ஏங்க... கழுவிட்டீங்கதானே?”

அப்புறம் யாரோ வாய் நிறைய ஊறிய எச்சிலை, மெதுவாக, விழுங்கினார்கள்.